காப்புப் பருவமும் காப்புறுதிப் படிவமும்

பிள்ளைத்தமிழ் பாடப் புகும் புலவன் முதன்முதலிற் பாடுவது காப்புப் பருவம். குழந்தைக்கு யாதோர் இன்னலும் அணுகாதிருத்தல் வேண்டுமெனத் தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைத்துக் காவல் வேண்டுவது அப்பருவத்தின் இலக்கணம். காத்தற் கடவுளாதலின் திருமாலே அங்கு முதலில் அழைக்கப்பெறுவார். பாட்டுடைத் தலைவன் முருகனாயினும் முறை மாறுவதில்லை. செங்கீரை ஆடுவதும் சப்பாணி கொட்டுவதும் அம்புலியை அழைப்பதும் பின்னர் வருவன. பிள்ளை ஆடவும் கை கொட்டவும் வேண்டுமாயின் முதற்கண் அது உயிரோடும் நலத்தோடும் இருத்தல் வேண்டும் என்பதை நம்முடைய முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பிறந்த மகவுகளிற் பல ஓராண்டு நிறைவு காணாத காலத்தில் எழுந்த பிரபந்தம் அது.

இவ்விலக்கணம் எனக்கு மீண்டும் நினைவில் எழுந்தது நூலகத்தில் அன்று; ஒரு படிவத்தைக் கையில் வாங்கிய வேளையிலே. 2025 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள், முன்னொரு காலம் என்னிடம் எட்டாம் வகுப்புவரை படித்த பெண்ணொருத்தி வீடு தேடி வந்தாள். திருகோணமலைக் கடற்கரையை அண்டிய சிற்றூர் அவளுடையது. கணவன் பிறர் வள்ளத்திற் கூலிக்குத் தொழிலுக்குப் போகிறவன். மாரிக்கடல் இன்னும் அடங்காத நாட்கள். வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. பொலித்தீன் பையிலிருந்து அவள் எடுத்துத் தந்த கடதாசி, பல முறை மடித்து விரித்தமையால் மடிப்புகளிற் கிழியத் தொடங்கியிருந்தது. அயல்வீட்டார் கொடுத்ததாம். மாணவர் காப்புறுதிக் கோரிக்கைப் படிவம் அது.

“காப்புறுதி எண்டால் என்ன சேர்? மகன்ர காப்பை அடைவு வைச்சனான், அதுக்கு ஏதும் தருவினமோ?” என்று கேட்டாள்.

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. “இன்சூரன்ஸ், பிள்ளை” என்றேன். “அது லொறிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எடுக்கிறதல்லோ சேர்? பிள்ளையளுக்கும் இருக்கோ?” என்றாள் அவள்.

அவள் அறியாமையைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. காப்புறுதி என்னும் எண்ணமே கடலிலும் சரக்கிலும் பிறந்ததுதான். 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரில் எட்வர்ட் லொயிட் என்பாரது கோப்பிக் கடையில் வணிகரும் மாலுமிகளும் கூடி, புறப்படும் கப்பல்களின் ஆபத்தைத் தம்முட் பங்கிட்டுக்கொண்டனர். இன்று நமது துறைமுகத்துள் நுழையும் எந்தக் கப்பலும், சீனன்குடாவுக்குக் கோதுமை கொண்டுவருவதாயினும் எண்ணெய் கொண்டுவருவதாயினும், காப்புறுதியின்றி நங்கூரமிடுவதில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென நாம் பெருமை பேசும் இந்நீர்ப்பரப்பின் ஒரு கரையிற் கப்பலும் அதன் சரக்கும் அணுவணுவாகக் காக்கப்பட்டிருக்க, மறு கரையில் ஒரு தாய், பிள்ளைகளுக்கும் அப்படியொன்று உண்டோ என்று கேட்கிறாள்.

உண்டு. அதுவும் அவளுடைய மகன் பாடசாலையிற் சேர்ந்த நாட்களிலேயே இருந்தது. 2017 ஆம் ஆண்டில் இலங்கை அரசு ‘சுரக்ஷா’ என்னும் மாணவர் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கிற்று. பாடசாலை செல்லும் பிள்ளைகள் ஏறத்தாழ 45 இலட்சம் பேருக்கும், ஆளுக்கு 2 இலட்சம் ரூபா வரையான காப்பு என்று அன்று அறிவிக்கப்பட்டது. பெற்றோர் ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. கட்டணத்தை அரசே செலுத்தும். நோயுற்று வைத்தியசாலையில் தங்கினாலும், விபத்தில் அங்கம் பழுதுற்றாலும் பிள்ளைக்கு உதவி. வருமானம் குறைந்த குடும்பத்தில் தாயோ தந்தையோ இறந்தால் அதற்கும் ஒரு தொகை. அவ்வாண்டு நமது மாவட்டம் மறக்கக்கூடிய ஆண்டன்று. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்குக் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். பாடசாலைகளைச் சில நாள் மூடவேண்டியதாயிற்று. நாடு முழுவதிலும் அவ்வாண்டு 186,000 பேருக்கு மேல் அக்காய்ச்சலுக்கு ஆளாயினர். ஆகவே திட்டம் வந்த காலம் பொருத்தமான காலமே.

ஆயின் திட்டம் வந்ததென்பது வேறு. அது குடிசை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததென்பது வேறு.

அப்பெண்ணின் மகனுக்கு இருதயத்திற் பிறவிக் குறைபாடு. 2022 இல் ஒரு முறையும் 2023 இல் ஒரு முறையும் அவனைக் கொழும்புச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றிருக்கிறாள். சிகிச்சைக்கு அவளிடம் எவரும் பணம் கேட்கவில்லை. இதனை நாம் அழுத்திச் சொல்லவேண்டும். ஏனெனில் உலகில் எத்தனையோ செல்வ நாடுகளில் இல்லாத ஒன்று இது. 1951 ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிக்கப்பட்ட நாள் தொட்டு, ஏழையின் பிள்ளை கட்டணமின்றிச் சத்திரசிகிச்சை பெறுவது இந்நாட்டில் இயல்பான செய்தியாகிவிட்டது. ஆனால் திருகோணமலையிலிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. போக்குவரத்து, தாய்க்கும் துணைக்கு வந்தவருக்கும் உணவு, தந்தை கடலுக்குப் போகாத நாட்களின் கூலி, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பவர்க்குக் கைச்செலவு. இவை எந்த வைத்தியசாலைக் கணக்கிலும் ஏறாதவை. மேலும் 2022 நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்த ஆண்டு. மருந்துகள் அருகின, வெளியே வாங்கிவருமாறு துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. காப்பு அடைவுக்குப் போனது அப்போதுதான்.

2022 ஆம் ஆண்டுச் சிகிச்சைக்குப் படிவம் கொடுத்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை. பிள்ளை படித்த பாடசாலையின் விளம்பரப் பலகையில் ஒரு கடதாசி ஒட்டப்பட்டிருந்ததாம். பாடசாலை வாசலைக் கடந்து விளம்பரப் பலகையைப் படிக்கும் பெற்றோர் எத்தனை பேர்? 2023 இல் அவள் கேட்டபோது திட்டம் நின்றுவிட்டது என்றார்கள். அது உண்மை. 2022 இறுதியோடு நின்றுபோன திட்டம் 2024 செப்டெம்பரிலேதான் மீண்டும் உயிர்பெற்றது. நாடு மிகவும் நலிந்திருந்த காலத்திலே, ஏழைப் பிள்ளைகளுக்கு அது மிகவும் வேண்டப்பட்ட காலத்திலே, அந்தக் காவல் இல்லாது போயிற்று. குடை மழைநாளிற் பறிக்கப்பட்டதுபோல என்று எழுத மனம் வருகிறது. அதைவிடக் கடுமையாகவே எழுதலாம்.

நல்வாய்ப்பாக, அல்லது தீவாய்ப்பாக, 2024 நவம்பர் மழையில் அதே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு மூன்று இரவுகள் வைத்தியசாலையில் இருந்திருக்கிறான். அந்த இரவுகளுக்கு மட்டுமே நாங்கள் படிவம் நிரப்பினோம்.

நிரப்பியபோது நான் கற்றது சிறிதன்று. நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன் நான். நன்னூலுக்கு உரை சொன்ன நாவு. அப்படிவத்தின் சில தொடர்களை இரண்டு முறை வாசித்தும் பொருள் தெளியவில்லை. ஆங்கிலத்தில் எண்ணிச் சிங்களத்தில் ஆக்கி அதன் பின் தமிழுக்கு இறக்கிய நடை அது என்பது என் ஊகம். எழுவாய் ஒரு கரையில் நிற்கப் பயனிலை மறு கரையில் நின்றது. இவ்வளவும் எழுதத் தெரிந்த ஓர் அரசு, ‘பிள்ளை எத்தனை இரவு வைத்தியசாலையில் இருந்தது?’ என்று கேட்கத் தெரியாமற் போனது வியப்பே. ‘காப்புறுதி’ என்னும் சொல்லோ அழகிய சொல். தமிழகத்தார் ‘காப்பீடு’ என்பர். நமக்கு ‘உறுதி’ என்றால் காணி உறுதி. எழுதிக் கையொப்பமிட்ட சாசனம். காவலுக்கு எழுதப்பட்ட உறுதி என்று அவளுக்கு விளக்கியபோது உடனே விளங்கிக்கொண்டாள். “அப்ப இது அவன்ர உறுதி” என்றாள். சொல் அவளுடையதாகவே இருந்தது. படிவந்தான் அதனை அவளிடமிருந்து ஒளித்தது.

படிவத்தோடு இணைக்கவேண்டியவை வேறு. வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் பிரதி, அதிபரின் அத்தாட்சி. நகரத்து உத்தியோகத்தர் வீட்டில் இவை ஓர் உறையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். நமது கரையோர மக்களின் கடதாசிகள் எங்கே போயின என்பதை இந்தச் சமுதாயம் அறியும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எடுத்துச் சென்றது ஒரு பங்கு. சம்பூரிலிருந்தும் மூதூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும் 2006 இல் உடுத்த உடையோடு ஓடியவர்கள் விட்டுச் சென்றது இன்னொரு பங்கு. அன்று சிறுவர் சிறுமியராய் இருந்தவர்கள் இன்று தாய் தந்தையராகி நிற்கின்றனர். தம்முடைய பிறப்பையே எழுத்தில் நிறுவ ஒருமுறை அல்லற்பட்டவர்களிடம், பிள்ளையின் நோயையும் எழுத்தில் நிறுவுமாறு கேட்கிறோம். தந்தை கடலிற் காணாமற்போன குடும்பத்தின் நிலை இன்னும் கொடிது. உடல் கரையொதுங்காதவனுக்கு மரணச் சான்றிதழ் எளிதிற் கிடைப்பதில்லை. சான்றிதழ் இன்றேல் பெற்றோரின் மரணத்துக்கென வைத்த தொகையும் இல்லை. திட்டம் வகுத்தோர் கடலை நினைத்து வகுக்கவில்லை.

ஓர் ஒப்பீடு இங்கே பொருந்தும். 1980 முதல் நம் பிள்ளைகளுக்குப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1993 முதல் சீருடைத் துணியும் கிடைத்தது. இவற்றுக்கெனத் தாய்மார் எவரும் கோரிக்கைப் படிவம் நிரப்பி நோய் நிர்ணய அட்டை இணைத்ததில்லை. பிள்ளை இடாப்பிற் பெயருடையதாயிற்று. நூல் கைக்கு வந்தது. கன்னங்கராவின் இலவசக் கல்வி வெற்றிபெற்றதன் இரகசியங்களில் இதுவும் ஒன்று. மாறாக, 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடப்பட்டபோது வைத்தியசாலைக்கு வருவோர் தொகை கணிசமாகக் குறைந்தது. 1977 இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. வெறும் 25 சதம் அவ்வளவு உயரமான வேலியாக நின்றதெனில், நான்கு பக்கப் படிவம் எத்துணை உயரம்?

இது நமது நாட்டுக்கே உரிய குறையன்று. அமெரிக்காவில் 1997 இல் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கென அரசு மருத்துவக் காப்புறுதித் திட்டமொன்று எழுந்தது. ஆண்டுகள் பல கழிந்த பின்னும் காப்புறுதியின்றி நின்ற பிள்ளைகளை எண்ணிப் பார்த்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் அரசின் காப்புறுதித் திட்டங்களுள் ஏதேனும் ஒன்றுக்குத் தகுதி உடையவர்களே என்பது தெரியவந்தது. தாய்மாருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் படிவத்துக்கு அஞ்சினர். 2009 இல் சட்டத்தைத் திருத்தியபோது, உணவு உதவி முதலான பிற திட்டங்களுக்கு ஒரு குடும்பம் முன்னரே நிறுவிய வறுமையை மீண்டும் நிறுவக் கேளாது ஏற்றுக்கொள்ள மாநிலங்களுக்கு வழிவிட்டனர். தமிழகத்தில் 2009 இல் கலைஞர் பெயரால் தொடங்கி, 2012 இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய ஏற்பாட்டில், பணத்தைக் கோரிப் பெறும் பொறுப்பு மருத்துவமனையுடையது. நோயாளி அட்டையைக் காட்டினாற் போதும். அங்கே முகாம்களில் வாழும் இலங்கை அகதிகளுக்கு வருமான எல்லையும் வைக்கப்படவில்லை. திருகோணமலையிலிருந்து தோணியேறிப் போன குடும்பத்துப் பிள்ளைக்கு இராமேசுவரத்துக்கு அப்பால் அட்டை இருக்க, போகாது நின்றவனின் பிள்ளைக்குப் படிவம் இருக்கிறது. இதனை ஒப்புநோக்குவோர் சற்றுச் சிந்திக்கட்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழும்; அதனை எழுப்புவோர் அறிவிலார் அல்லர். காப்புறுதி என்பதே இலவச வைத்தியத்தின் வேரில் வெந்நீர் ஊற்றுவது, அப்பணம் ஈற்றில் தனியார் வைத்தியசாலைகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்குமே போய்ச் சேரும், அதை நமது மாவட்ட வைத்தியசாலைகளுக்குக் கொடுத்தால் பிள்ளைகள் கொழும்புக்கே போகவேண்டியிராது என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்திற் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். மூதூரிலும் கிண்ணியாவிலும் குழந்தை மருத்துவ வசதி பெருகுவது எந்தக் காப்புறுதியினும் மேலானது. ஆனால் அந்த நாள் வரும்வரை அடைவுகடைக்குப் போகும் காப்புக்கு என்ன விடை? அரசு பிள்ளைகளின் பெயராற் கட்டணம் செலுத்திவிட்டது. வசதியுள்ள வீட்டார் அதனைத் தவறாது கேட்டுப் பெறுகின்றனர். ஏழை கேளாது விட்டால் மிஞ்சும் பணம் மாவட்ட வைத்தியசாலைக்குக் கட்டிலாக மாறப்போவதில்லை. நிறுவனத்தின் கணக்கிலே தங்கும். கொள்கை பேசி ஏழையின் கோரிக்கையை நழுவவிடுவது யாருக்கு நன்மை?

2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளை நீர் கொண்டது. பாலம் கட்டி முடியாத இடத்திலே, பாடசாலைக்குப் போகப் புறப்பட்ட பிள்ளைகள். அத்தகைய இழப்புக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. அதைப் பற்றிப் பேசவும் நாக் கூசுகிறது. எனினும் காயமுற்றுப் பிழைக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு மாரியிலும் இருக்கின்றனர். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நீரைக் கடந்தே படிக்கச் செல்பவர்கள். விபத்துக்கான பகுதியை வேறெந்த மாவட்டத்தினும் நாமே நன்கு அறிந்து வைத்திருக்கவேண்டும்.

இனி யார் செய்வது? ஆசிரியர்மீது சுமத்துவது எளிது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே எத்தனையோ இடாப்புகளையும் அட்டவணைகளையும் நிரப்பிக் களைத்தவர்கள். சுற்றறிக்கையால் வரும் இன்னொரு பொறுப்பு இன்னொரு கோப்பாக முடியும். நான் கேட்பது இலக்கிய அன்பர்களை. நம் ஊர்களில் வாசிகசாலைகளும் தமிழ் மன்றங்களும் உள்ளன. ஆண்டுக்கொருமுறை கவியரங்கும் பட்டிமன்றமும் நிகழ்கின்றன. எழுத்தறியாத காலத்தில் கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுப்போர் இருந்தனர். கடல் கடந்த மகனுக்குத் தாய் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுத்த வாத்தியார்மார் இருந்தனர். எழுத்தைப் பிறருக்காகப் பிடித்த அக்கைகளின் வழிவந்தவர்கள் நாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல், வாசிகசாலை மேசையில், இரண்டு பேர் பேனாவோடு இருந்தாற் போதும். கிண்ணியாவிலும் மூதூரிலும் பள்ளிவாசல் நிருவாகத்தாரிடம் சொல்லிவைத்தாற் செய்தி ஒரே நாளிற் பரவும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உயர்வகுப்பு மாணவரை இதில் ஈடுபடுத்தலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். செய்தியை வீடு வீடாகக் கொண்டுசெல்ல அவர்களே தக்கவர். ஆனால் படிவத்தை அவர்கள் கையிற் கொடுத்தல் ஆகாது. அதில் ஒரு குடும்பத்தின் நோயும் வருமானமும் எழுதப்படுகின்றன. அயல்வீட்டுப் பெண்பிள்ளையின் நோய் வகுப்பறைப் பேச்சாகிவிடக் கூடாது. அதை எழுதும் கை முதிர்ந்த கையாகவும் வாய் மூடிய வாயாகவும் இருக்கட்டும்.

அரசினரிடம் கேட்கவேண்டியதும் ஒன்றுண்டு. 2023 முதல் ‘அஸ்வெசும’ உதவி பெறும் குடும்பங்களின் பட்டியல் பிரதேச செயலகங்களில் இருக்கிறது. பிள்ளையின் பெயர் பாடசாலை இடாப்பில் இருக்கிறது. வைத்தியசாலையிலிருந்து பிள்ளை வீடு செல்லும் போதே நோய் நிர்ணய அட்டையோடு கோரிக்கைப் படிவத்தையும் தாதி கையிற் கொடுத்துவிட்டால், பாதித் தொல்லை அங்கேயே தீரும். அட்டை இருக்கும் நாளிற் படிவம் இல்லை, படிவம் கிடைக்கும் நாளில் அட்டை இல்லை என்பதே பெரும்பாலோர் கதை. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. சுகாதாரத் திணைக்களமும் கல்வித் திணைக்களமும் ஒரு மேசையில் அரை மணி நேரம் அமர்ந்தால் நடக்கும். அமர்வார்களா என்பது வேறு கேள்வி.

அப்பெண்ணின் கோரிக்கைக்குப் பணம் வந்தது. மாதங்கள் சென்றபின், மூன்று இரவுகளுக்குரிய சிறு தொகை. காப்பை மீட்க அது போதவில்லை. அடைவின் வட்டியைக் கட்டப் போதியதாயிருந்தது. அண்மையில் மீண்டும் வந்தாள். இம்முறை தன் பொருட்டன்று. பக்கத்து வீட்டுச் சிறுமி மதிலால் விழுந்து கை முறிந்து இரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்தாளாம். நோய் நிர்ணய அட்டையைப் பொலித்தீனிற் சுற்றிக் கவனமாகக் கொண்டுவந்திருந்தாள். வங்கிப் புத்தகப் பிரதியும் இருந்தது. படிவத்தை எழுதி முடித்துவிட்டோம். அதிபரின் கையொப்பம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பாடசாலை திங்கட்கிழமை திறக்கிறது.